வாயிலில் நிற்கும் கட்டளை

மாயப் பாடசாலைக் கதைகளில் வரும் இயந்திரக் காவலன் பெரும்பாலும் கோமாளியாகவே வருகிறான். வாயிலில் மலைபோல் நிற்பான். கண்ணில் செவ்விளக்கு எரியும். குரல் இடிபோல் விழும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்று முதுகைக் காட்டியபடி பின்பக்கமாகவே நடந்து உள்ளே போனால், வெளியேறுவோர் பட்டியலில் அதன் பெயரைப் பதிந்துகொண்டு பேசாமல் நிற்பான். இணையத்தில் பக்கம் பக்கமாக வெளியாகும் சித்திரக்கதைகளில் இத்தகைய பாத்திரத்துக்கு நிலையான இடம் கிடைத்துவிட்டது. பிரித்தானியரான டொம் சிடல் 2005இல் தொடங்கிய 'கன்னர்கிரிக் கோர்ட்' இந்த வகைக் கதைகளுள் பெயர் பெற்றது. தொழிற்சாலை நகரம்போல் விரிந்து கிடக்கும் உறைவிடப் பாடசாலை ஒரு கரையில், மாயவனம் மறு கரையில், நடுவே ஒரு நீண்ட பாலம், பாடசாலை எங்கும் ரோபோக்கள் என்பது அதன் உலகம். மாணவர்கள் கடக்கக்கூடாத அந்தப் பாலத்தை முதல் அத்தியாயத்திலேயே ஒரு ரோபோ கடக்கிறது. தன்னோடு ஒட்டிக்கொண்ட ஒரு நிழலை வனத்துக்குத் திருப்பி அனுப்புவதற்காக நாயகி பழைய பாகங்களைப் பொருத்திச் செய்த ரோபோ அது.

இத்தகைய காவலர்களைப் பற்றி நிலவும் கருத்து ஏறக்குறைய ஒருமித்தது. எழுதுபவரின் சோம்பல்தான் அவர்களைப் பெற்றது என்பார்கள். நாயகி உள்ளே போயாக வேண்டும், அதற்கொரு நல்ல உபாயம் கதாசிரியருக்குத் தோன்றவில்லை, ஆகவே காவலனை முட்டாளாக்கி விட்டார். காவல் சிரிப்புக்குரியதாகிவிட்டால் ஆபத்துப் போய்விடும், ஆபத்துப் போனால் கதையும் போய்விடும் என்பது அதே வாதத்தின் அடுத்த படி. கமரா முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் காலத்தில் தடுமாறும் ரோபோ பழங்காலத்துக் கற்பனை என்று விஞ்ஞானம் படித்தவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். இது மேல்நாட்டுச் சரக்கு, நம் கதைமரபில் காவல் கம்பீரமானது என்ற குரலும் தமிழ் வாசகரிடையே கேட்கும். திருகோணமலை போன்ற ஊர்களில் இந்தக் கருத்துக்கு இன்னும் கனமான ஒரு வடிவம் உண்டு. அதைப் பின்னால் தனியே பார்க்க வேண்டும்.

எல்லாக் குறைகூறலுக்கும் அடியில் இருப்பது ஒரே பிழை. காவலன் தன் வேலையில் தோற்றுவிட்டான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அவன் தோற்கவில்லை. இட்ட கட்டளையை ஓர் எழுத்துக் குறையாமல் நிறைவேற்றியிருக்கிறான். வாயிலை நோக்கி முகம் வைத்து வருபவரை மறி என்றார்கள், மறித்தான். முதுகைக் காட்டிப் போகிறவரைப் பதிந்துகொண்டு விடு என்றார்கள்; விட்டான். சிரிப்பு அவன் தலையில் விழுவதுபோலத் தெரிந்தாலும், போய் விழுவது கட்டளை எழுதியவரின் தலையில்.

விஞ்ஞானத்தின் பேரால் சொல்லப்படும் ஆட்சேபம் மிக எளிதில் விழுவது. நிஜமான காவல் ரோபோக்கள் சித்திரக்கதைக் காவலர்களைவிடப் பெரிய கெட்டிக்காரர்களாக இருந்ததில்லை. 2017 ஜூலையில், வொஷிங்டன் நகரின் ஜோர்ஜ்டவுன் பகுதியில் ஓர் அலுவலகக் கட்டடத்தொகுதிக்குக் காவலாக விடப்பட்டிருந்த கே5 என்ற ரோபோ, படிகளில் உருண்டு அலங்காரத் தடாகத்துக்குள் விழுந்தது. முட்டை வடிவான அந்த வெள்ளை உருவம் பக்கவாட்டில் சரிந்து நீருக்குள் கிடக்கும் படம் ஒரே நாளில் உலகைச் சுற்றியது. அதற்கு ஓராண்டு முன், 2016 ஜூலையில், கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் கடைத்தொகுதியில் அதே வகை ரோபோ 16 மாதக் குழந்தையொன்றை மோதி விழுத்தியது. 2023 செப்டெம்பரில் நியூயோர்க் பொலிஸார் டைம்ஸ் சதுக்கச் சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு கே5ஐ நிறுத்தினார்கள். நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணிவரை அதற்குக் காவல் முறை. ஏறத்தாழ 180 கிலோ எடை. படி ஏறவோ இறங்கவோ முடியாது. சுரங்க ரயில் நிலையமோ படிகளால் ஆனது. அதற்கு ஒன்றும் நேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள மனிதப் பொலிஸ்காரர் ஒருவர் கூடவே நடந்தார். காவலுக்கு ஒரு காவல். 2024 பெப்ரவரிக்குள் அது அங்கிருந்து அகற்றப்பட்டுவிட்டது. இதை ஒரு சித்திரக்கதைக்காரர் வரைந்திருந்தால், மிகைப்படுத்துகிறார் என்று சொல்லியிருப்பார்கள்.

தடாகத்தில் விழுந்ததும் குழந்தையை மோதியதும் ஒரே வகை இயந்திரம். முன்னதைப் பார்த்து உலகம் சிரித்தது. பின்னதைப் பார்த்துத் திடுக்கிட்டது. எதிரில் இருப்பது படியா, நீரா, பிள்ளையா என்று அறியாமல், போகச் சொன்ன வழியில் போவதுதான் இரண்டிலும் நடந்தது. நகைப்பும் ஆபத்தும் ஒன்றையொன்று துரத்திவிடும் என்ற வாதத்துக்கு இந்த இரண்டு சம்பவங்களே போதுமான பதில்.

கதையுலகிலும் இதற்குச் சான்று உண்டு. ஐசாக் அசிமோவ் 1942இல் வெளியிட்ட 'ரன் அரவுண்ட்' கதையில், புதன் கோளில் இருக்கும் இரண்டு மனிதர்கள் செலினியம் எடுத்துவர ஸ்பீடி என்ற ரோபோவை அனுப்புகிறார்கள். அது வந்து சேரவில்லை. செலினியக் குட்டையைச் சுற்றிச் சுற்றி, குடித்தவன்போல் தள்ளாடி, நகைச்சுவை இசைநாடகப் பாட்டுகளைப் பாடிக்கொண்டு ஓடுகிறது. குட்டைக்கு அருகில் ஓர் ஆபத்து இருக்கிறது. மிகுந்த விலைகொடுத்துச் செய்த ரோபோ என்பதால், தன்னைக் காத்துக்கொள்ளும் விதியை அதற்குள் வழக்கத்தைவிட வலுவாக வைத்திருக்கிறார்கள். கட்டளையை இட்ட மனிதரோ ஏதோ போகிற போக்கில் சொல்லிவிட்டார். இரண்டு விதிகளும் சமமாக இழுக்கும் தூரத்தில் ரோபோ வட்டமிடுகிறது. அது பாடும் ஒவ்வொரு வரியும் சிரிப்பு மூட்டும். அந்த நேரம் முழுவதும், செலினியம் வராவிட்டால் இருவரும் வெந்து சாவார்கள் என்பதும் வாசகருக்குத் தெரியும். ரோபோவின் கூத்து நீள நீள ஆபத்து நெருங்குகிறது. இங்கே நகைப்புத்தான் ஆபத்தை அளந்து காட்டும் கருவி.

தமிழில் எல்லோரும் பார்த்த உதாரணம் 2010இல் வந்த 'எந்திரன்'. படத்தின் முற்பாதியில் சிட்டி என்ற ரோபோ, சொன்னதைச் சொன்னபடியே செய்து அரங்கைச் சிரிக்கவைக்கிறது. பிறகு ஒரு கட்டடம் தீப்பிடிக்க, உயிர்களைக் காப்பாற்றப் போகிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியை உடையின்றியே தூக்கிக்கொண்டு கூட்டத்தின் முன்னால், கமராக்களின் முன்னால், கொண்டுவந்து நிறுத்துகிறது. அவமானம் தாங்காமல் ஓடும் அந்தப் பெண் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். சிட்டி எந்தப் பிழையும் செய்யவில்லை. உயிரைக் காப்பாற்று என்றார்கள், காப்பாற்றியது. சிரிக்கவைத்த அதே குணம்தான் கொன்றது. நடுவில் எதுவும் மாறவில்லை. முற்பாதியின் நகைச்சுவையை வெட்டிவிட்டால் இந்தக் காட்சி வெறும் விபத்தாகிவிடும்.

மேல்நாட்டுச் சரக்கு என்ற குற்றச்சாட்டு வியப்பானது. இயந்திரக் காவலன் ஏமாந்துபோகும் கதை இலங்கையில் எழுதப்பட்டே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரம் மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய பாளி உரையான 'சுமங்கலவிலாசினி'யில் அது வருகிறது. புத்தரின் தாதுக்களை அஜாதசத்துரு மன்னன் ராஜகிருகத்தில் நிலத்துக்கு அடியில் அறைகட்டிப் புதைத்து வைக்கிறான். அவற்றைக் காக்கத் தேவலோகச் சிற்பியான விசுவகர்மா ஒரு பொறி அமைக்கிறான்: வாளேந்திய மரப்பாவைகள், காற்றின் வேகத்தில் ஓயாமல் சுழன்றபடி, எவரையும் அண்டவிடாமல். அத்தனை பாவைகளும் ஒரே பொறியில் இணைந்தவை. இரண்டு நூற்றாண்டு கழித்து அசோகன் தேடி வந்து அறையைத் திறக்கிறான். பாவைகள் இன்னமும் சுழன்றுகொண்டே இருக்கின்றன. உள்ளே கால்வைக்க முடியவில்லை. அப்போது ஐங்குடுமி வைத்த நாட்டுப்புறச் சிறுவன் ஒருவன் வில்லோடு வந்து, எதை அகற்றவேண்டும் என்று அரசனைக் கேட்டு, பொறியின் பொருத்து ஒன்றைப் பார்த்து ஓர் அம்பு எய்கிறான். எல்லாம் கலகலத்துச் சரிந்துவிடுகிறது.

அந்தச் சிறுவன் வேறு யாருமல்ல, விசுவகர்மாவே. பொறியைச் செய்தவனே பையனாக வேடமிட்டு வந்து பொறியைக் கலைக்கிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாசிஸ்ஸரர் எழுதிய 'தூபவம்ச'மும் இந்தக் கதையைச் சொல்கிறது. இதில் எழுதியவரின் சோம்பல் எங்கே இருக்கிறது? காவல் அமைத்த அதே தெய்வங்கள், தாதுக்கள் ஒருநாள் அசோகனுக்குக் கிடைக்கவேண்டும் என்றும் விரும்பின. பாவைகளுக்கு அது தெரியாது. திருடனுக்கும் அசோகனுக்கும் வேறுபாடு காணும்படி அவற்றை யாரும் செய்யவில்லை. பேரரசனின் படை திகைத்து நிற்க, ஒரு குடுமிப் பையன் ஓர் அம்பில் முடித்துவிடும் இந்தக் காட்சிக்கும், இன்றைய இணையச் சித்திரக்கதையில் பள்ளிச் சிறுமி காவல் ரோபோவின் ஒற்றை ஆணியைக் கழற்றும் காட்சிக்கும் உள்ள தூரம் மிகக் குறைவு. கிரேக்கர்களிடமும் இதன் உறவுக்கதை உண்டு. கிரீட் தீவை நாளுக்கு மூன்று தடவை சுற்றிவந்து, அயல் கப்பல்கள்மேல் பாறை எறிந்த வெண்கலக் காவலன் தலோஸ், கணுக்காலில் இருந்த ஒரே பலவீனத்தால் வீழ்ந்தான்.

தமிழ் மரபில் காவல் கம்பீரமானது என்பவர்கள் சிலப்பதிகாரத்தை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அடைக்கலக் காதையின் முடிவில் மதுரைக் கோட்டை மதிலின் பொறிகளை இளங்கோ ஒவ்வொன்றாக அடுக்குகிறார். தானே வளைந்து எய்யும் வில், கரிய விரல்களையுடைய குரங்குப் பொறி, கல் உமிழும் கவண், கொதிக்கும் எண்ணெய், மதிலைப் பற்றுவோர் கையைக் குத்தும் ஊசி, சிச்சிலிப் பறவை வடிவில் பாய்வது, பன்றி வடிவில் பாய்வது என்று பட்டியல் நீள்கிறது. பாண்டியனின் பாதுகாப்புச் சிறப்பைச் சொல்லும் பகுதி என்றே வகுப்பறைகளில் இது நடத்தப்படுகிறது. அந்த நேரத்தில் அந்த மதில் வாயிலைக் கடந்து உள்ளே போகிறவர் யார் என்று கேட்பார் குறைவு. போகிறவள் கண்ணகி. இடைக்குல மூதாட்டி மாதரி அவளை அடைக்கலமாக ஏற்று, அத்தனை பொறிகளுக்கும் நடுவே, தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். குரங்குப் பொறி கடிக்கவில்லை, ஊசி குத்தவில்லை. சில நாளில் அந்த நகரத்தையே எரிக்கப்போகிறவள், மோர் விற்கும் பெண்ணின் பின்னால் நடந்து உள்ளே போய்விட்டாள்.

பொறிகளின் மேல் குற்றம் இல்லை. மதிலில் ஏறுபவரைக் குத்தவே அவற்றைச் செய்தார்கள், அவள் ஏறவில்லை. இதற்கு முன்பே ஊர்காண் காதையில், வாயில் காத்த யவன வீரர்களும் கோவலனை ஐயுறாமல் உள்ளே விட்டிருந்தார்கள். அவன்மீது ஐயப்பட அன்று ஒரு காரணமும் இல்லை. கள்வன் என்ற பழி உள்ளேதான் காத்திருந்தது. பாண்டியனுக்கு ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. அரண்மனைப் பொற்கொல்லனின் பொய்யிலிருந்தும், ஆராயாமல் வாய்திறந்த அரசனின் சொல்லிலிருந்தும் வந்தது. அந்தப் பக்கம் பார்க்க எந்தப் பொறியும் இல்லை. இதை இளங்கோ சிரிப்பாகச் சொல்லவில்லைதான். ஆனால் அமைப்பு அதுவே: மிகப் பலத்த காவல், கண்டுகொள்ளாமல் விடப்பட்ட விருந்தாளி. வழக்குரை காதையில் வரும் வாயிலோனை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். சிலம்பு ஏந்தித் தலைவிரித்து நிற்கும் பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அவன் நடுங்கிவிடுகிறான். வந்திருப்பவள் சாதாரணமானவள் அல்லள் என்று அரசனிடம் ஓடிச் சொல்கிறான். மதிலில் இருந்த இயந்திரங்கள் காணாததை வாயிலில் இருந்த மனிதன் கண்டான்.

தமிழ்ச் சித்திரக்கதை வாசகருக்கும் இயந்திர மனிதன் அந்நியன் அல்லன். 1952இல் பிரித்தானிய 'லயன்' வார இதழில் பிறந்த ரோபோ ஆர்ச்சி, சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் வழியே தமிழ் பேசியது. தொடக்கத்தில் தூரக் கட்டுப்பாட்டில் இயங்கிய ஆர்ச்சி பிறகு பேசக் கற்றது. பேசக் கற்றதும் தற்பெருமை பேசத் தொடங்கியது. வாசகர் நினைவில் தங்கியது அந்த வாய்ச்சவடால்தான்.

நகைப்பு ஏன் இங்கே பிறக்கிறது என்பதற்கு பிரெஞ்சு மெய்யியலாளர் ஹென்றி பேர்க்சன் 1900இல் ஒரு விளக்கம் தந்தார். உயிருள்ள மனிதன் இயந்திரம்போல் விறைத்துப்போய் நடக்கும்போது மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்பது அவர் கருத்து. பள்ளம் வந்த பிறகும் நடையை மாற்றாமல் நடந்து விழுபவன், இழவு வீட்டிலும் வாடிக்கைப்படி 'சந்தோஷம்' என்று சொல்பவன். காவல் ரோபோ இதைத் தலைகீழாக்குகிறது. அது உண்மையிலேயே இயந்திரம். மனிதக் காவலனைப்போல் நடந்துகொள்ள முயல்கிறது. அதன் விறைப்பில் தெரிவது ஏற்கெனவே பார்த்துப் பழகிய முகம்: படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பப்படவில்லை என்பதற்காக முழு நாளும் அலையவிடும் எழுதுவினைஞர், தன் எதிரில் நிற்பவரிடமே அவர் உயிரோடிருப்பதற்கான சான்றிதழைக் கேட்கும் அலுவலர்.

இந்தக் காவலன் பாடசாலைக் கதைகளில் இவ்வளவு அதிகமாக வருவதற்கும் இதுவே காரணம். விதி எதற்காக இயற்றப்பட்டதோ அதற்கே எதிராக நடப்பதை மனிதர் முதன்முதல் காண்பது பாடசாலையில். காலை ஏழரைக்கு வாயில் பூட்டப்படும். ஐந்து நிமிடம் பிந்தி வந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, மாணவத் தலைவர் பெயர் எழுதுவார். பெயர் எழுதி முடிந்து, பொறுப்பாசிரியர் வந்து, புத்திமதி சொல்லி, உள்ளே விடும்போது முதலாம் பாடம் முடிந்திருக்கும். பாடத்தைத் தவறவிடக்கூடாது என்பதற்காக வந்த விதி ஐந்து நிமிட இழப்பை நாற்பது நிமிட இழப்பாக்கிவிட்டது. இதில் மாணவத் தலைவர் கெட்டவர் அல்லர். ஆசிரியரும் கெட்டவர் அல்லர். ஒவ்வொருவரும் தமக்குச் சொல்லப்பட்டதைச் செய்தார்கள். இத்தகைய விதிக்குக் கையும் காலும் முளைத்து, தகரச் சட்டை போட்டு வாயிலில் நின்றால், அது சித்திரக்கதையின் இயந்திரக் காவலன். பிள்ளைகள் அவனை உடனே அடையாளம் காண்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் அவன் அபத்தமாகத் தெரிகிறான்.

அவனை ஏய்ப்பது அறிவில்லாத வேலை என்பதும் சரியல்ல. முரட்டுக் காவலனை வெல்லப் பலம் போதும். கெட்டிக்காரக் காவலனை வெல்ல அவனைவிடக் கெட்டிக்காரத்தனம் போதும். சொல்லுக்குச் சொல் கீழ்ப்படிகிற காவலனை வெல்ல, அவனுக்கு இடப்பட்ட கட்டளை என்ன என்பதைக் கண்டுபிடித்து, அது எந்த இடத்தில் ஓட்டையாக இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். சட்டத்தரணி செய்யும் வேலை அது. சோம்பேறி எழுத்தாளருக்கு இது கைவராது. விதியையும் அதன் ஓட்டையையும் வாசகர் கண்முன் முன்கூட்டியே நேர்மையாக வைத்தாக வேண்டும்.

இனி, திருகோணமலையில் கேட்கும் ஆட்சேபம். இது மற்றவற்றைப்போல் இலகுவாகத் தட்டிவிடக்கூடியதல்ல. அன்புவழிபுரம் போன்ற குடியிருப்புகளிலிருந்து சைக்கிளில் நகரத்துப் பாடசாலைகளுக்குப் போன ஒரு தலைமுறைக்கு, காவலன் என்றால் போர்க்காலச் சென்றியில், அதாவது சோதனைச் சாவடியில், துப்பாக்கியோடு நின்றவன். சைக்கிளிலிருந்து இறங்கி உருட்ட வேண்டும். அடையாள அட்டையை எடுத்து நீட்ட வேண்டும். புத்தகப் பையைத் திறந்து காட்ட வேண்டும். சொல்வது என்ன மொழியில் என்பதுகூடச் சிலவேளை புரியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பாதுகாப்புப் படையினரும், போதிய சான்று இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் காவலனைக் கோமாளியாக வரைந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பது நடந்ததை இலேசாக்குவது என்று சொல்பவர்களுக்குச் சொல்ல உரிமை உண்டு. இன்னும் கூர்மையான ஒரு கேள்வியும் இதனோடு வருகிறது. காவலன் வெறும் கட்டளையை நிறைவேற்றும் இயந்திரம் என்று காட்டினால், சுட்டவனை மன்னித்துவிட்டதாக ஆகாதா?

முதலில் பின்னதற்குப் பதில். கதை இயந்திரத்தைக் காவலுக்கு நிறுத்துவது, மனிதன் இயந்திரம் அல்லன் என்பதால்தான். தகரத்தால் செய்த காவலன் சொன்னதைச் செய்தேன் என்றால் அது உண்மை. அவனால் வேறெதுவும் முடியாது. இரத்தமும் சதையுமான ஒருவன் அதே வாக்கியத்தைச் சொன்னால் அது பொய். கண்ணகியைக் கண்டு நடுங்கிய வாயிலோனுக்கு இருந்த கண் அவனுக்கும் இருந்தது. ரோபோவைப் பார்த்துச் சிரித்துப் பழகிய பிள்ளை, 'மேலிடத்து உத்தரவு' என்று சொல்லும் மனிதனிடம் அந்தச் சலுகையைக் கொடுக்காது. கட்டளையிட்டவர் யார் என்ற கேள்வியையும் இந்தக் கதைகள் விட்டுவிடுவதில்லை. பொறி தடுமாறிய உடனே அதைச் செய்தவரைத் தேடி கதை மேல்மாடிக்குப் போகிறது. கன்னர்கிரிக் கோர்ட்டிலும், ரோபோக்கள் எப்படி இயங்குகின்றன, அவற்றை முதலில் செய்தவர் என்ன மனநிலையில் செய்தார் என்று தோண்டத் தொடங்குவது பாடசாலையின் பழைய குற்றமொன்றில் போய் முடிகிறது.

காவலனைக் கண்டு சிரிப்பது நடந்ததை இலேசாக்கும் என்ற அச்சத்துக்குக் கூத்தே பதில் வைத்திருக்கிறது. கிழக்கிலங்கையின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் அரச வரவுக்கு முன்னால் கட்டியகாரன் களரிக்கு வருவான். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் அவனே அறிவிப்பாளன், வாயிற்காவலன், ஏவலாள், கோமாளி எல்லாம். அரசன் திரைக்குப் பின்னால் நின்று, முடியும் புஜகீர்த்தியும் மின்ன, தன் வருகையை முழங்குவான். அரண்மனைச் சேவகனான கட்டியகாரனுக்கு அவனை அடையாளம் தெரியாது. ஐயா, தாங்கள் யார்? எந்த ஊர்? யாருடைய பிள்ளை? இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்பான். சபை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவே அரசன் தன் பெயரையும் குலத்தையும் நாட்டையும் வந்த காரணத்தையும் சபையறியச் சொல்லியாக வேண்டும். காவலனின் மந்தபுத்திதான் அதிகாரத்தை வாய்திறக்க வைக்கிறது. அதே இரவில், அதே களரியில், அபிமன்யு சாவான், கர்ணன் சாவான், பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். கட்டியகாரன் சிரிக்கவைத்ததால் அந்த ஒப்பாரியின் பாரம் குறைந்தது என்று கூத்துப் பழக்கும் எந்த அண்ணாவியாரும் சொன்னதில்லை. சாவையும் சிரிப்பையும் ஒரே இரவில் தாங்கும் பழக்கம் உள்ள பார்வையாளரை, ஒரு சித்திரக்கதை ரோபோ மரத்துப்போக வைத்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

காவலின் கம்பீரத்தைப் பற்றித் திருகோணமலைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. கோணேசர் கோயிலை இடித்த கல்லையும் சேர்த்துப் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, 1782 என்ற ஒரே ஆண்டில் இரண்டு தடவை கைமாறியது: ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியருக்கு, ஆகஸ்ட் கடைசியில் பிரித்தானியரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கு. சமாதானத்துக்குப் பின் மறுபடி ஒல்லாந்தருக்கு. 1795இல் மறுபடி பிரித்தானியருக்கு. ஒவ்வொரு தடவையும் அதே மதில்கள், அதே கடல், அதே நம்பிக்கை. இன்றைக்கும் இராணுவக் காவல் நிற்கும் அந்த வாயிலால் கோயிலுக்குப் போகிற சனத்தோடு, அனுமதி எதுவும் கேட்காமல் புள்ளிமான்களும் போய்வருகின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகும், நிலவும் கருத்து நியாயமாகப் பொருந்தும் காவலர்கள் சிலர் மிச்சமிருக்கிறார்கள். 1999இல் வந்த ஸ்டார் வோர்ஸ் படத்திலிருந்து தொடங்கும் போர் ரோபோக் கூட்டம் அப்படிப்பட்டது. அவை ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, வரிசையாக வந்து, வரிசையாக வெட்டுப்பட்டு விழுகின்றன. ஏன் தவறவிடுகின்றன என்பதற்கு அவற்றுக்கு இடப்பட்ட கட்டளையில் காரணம் கிடையாது. நாயகர்கள் தப்பவேண்டும் என்பதுதான் காரணம். இணையச் சித்திரக்கதைகளிலும் இப்படி வரைபவர்கள் உண்டு. முதல் பக்கத்தில் இருட்டிலும் பார்க்கும் காவலன், பத்தாம் பக்கத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையைக் காணமாட்டான். இடையில் எந்த விதியும் மாறியிருக்காது. சரியான இயந்திரக் காவலனை இரண்டாம் தடவை வாசித்தால், அவன் ஏமாறப்போகும் இடம் அவன் அறிமுகமாகும் கட்டத்திலேயே, மார்பில் எழுதிய விதியாகவோ கழுத்து திரும்பாத திசையாகவோ, வரையப்பட்டிருப்பது தெரியும். போலிக் காவலனில் அப்படித் தேடினால் எதுவும் கிடைக்காது.